படிக்க வைத்த கணக்கு

இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற சட்டம் ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டின் 30ஆம் எண் சட்டம். இந்துக் கூட்டுக் குடும்பத்தில் கல்வியால் வந்த சம்பாத்தியம் யாருக்கு என்பதைப் பற்றியது. குடும்பப் பணத்தில் ஒருவன் படித்திருந்தாலும் சரி, படிக்கிற காலத்தில் அவனுக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் குடும்பமே சோறு போட்டிருந்தாலும் சரி, அந்த ஒரு காரணத்துக்காக அவன் சம்பாதித்தது பொதுச் சொத்தாகிவிடாது, அவனுக்கே உரியது என்கிறது அது. இதைச் சொல்ல ஒரு சட்டம் வேண்டுமா என்று இன்று தோன்றலாம். வேண்டியிருந்தது. குடும்பச் செலவில் இங்கிலாந்து போய்ப் படித்து ஐ.சி.எஸ். அதிகாரியான ஒருவரின் சம்பாத்தியம் குடும்பத்துக்குப் பொது என்று 1921இல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தப் பேச்சு 1860களிலேயே எழுந்துவிட்டது. வக்கீல் வீட்டிலோ தாசில்தார் வீட்டிலோ அல்ல, ஆடல் தொழில் செய்த குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில். சாதாரண எழுத்தறிவுக்குக் குடும்பம் செய்த செலவு ஒரு வகை, தொழிலுக்கென்று செய்த செலவு வேறு வகை என்று நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் கோடு கிழித்துப் பார்த்தன. கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் ஒரு நீதிபதிக்கும் இன்னொருவருக்கும் ஒத்துவரவில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சென்னைச் சட்டசபையில் வி. பாஷ்யம் ஐயங்கார் இதற்கு முடிவு கட்ட ஒரு மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாகக் கிளம்ப, அது சட்டமாகவில்லை. பிறகு மத்திய சட்டசபையில் எம். ஆர். ஜெயகர் முயன்றுதான் 1930இல் காரியம் முடிந்தது. படித்து உத்தியோகத்துக்குப் போனவர்கள் கொண்டுவந்த சட்டம், படித்து உத்தியோகத்துக்குப் போனவர்களுக்கான சட்டம் என்று சிரித்துக்கொள்ள இடமுண்டு. எதிர்த்தவர்களை வெறும் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வரி கட்டி, அப்பா அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டு இருந்த தம்பியின் கேள்வி அவர்கள் பக்கம் இருந்தது. அண்ணன் பட்டணத்தில் படிக்கப் போன பணம் என் பங்கும் சேர்ந்ததுதானே, அவன் சம்பளம் மட்டும் எப்படி அவனுடையதாயிற்று என்ற கேள்வி அது. 1930ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லவில்லை. இனிமேல் கேட்காதே என்று மட்டும் சொன்னது.

சட்டம் செய்தது சரிதான் என்பது என் கட்சி. ஒருவனுடைய வாழ்நாள் உழைப்பின் மேல் பங்காளிகளுக்கு உரிமை கொடுப்பது கல்விக்குப் போடுகிற விலங்கு. ஆனால் தவறான இடத்தில் எழுதப்பட்ட கணக்கை அடித்துவிட்ட சட்டம், அதைச் சரியான இடத்தில் எழுதாமலே விட்டுவிட்டது. படித்தவனின் சம்பளத்தின் மேல் உடன்பிறந்தவர்களுக்கு உரிமை இல்லை. பெற்றோரிடம் மிச்சம் இருக்கும் சொத்தின் மேல் உண்டு. ஒரு பிள்ளையின் படிப்புக்குக் குடும்பம் தன் சக்திக்கு மீறிச் செலவழித்திருந்தால், அந்தப் பிள்ளை தன் பங்கில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டதாகத்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பு பின்னால் எவ்வளவு ஈட்டித் தந்தது என்பது இந்தக் கணக்கில் வராது. எவ்வளவு செலவானது என்பது மட்டுமே வரும். அதுவும் பாகப்பிரிவினை நாளில் புதிதாகக் கிளப்புகிற பேச்சாக இல்லாமல், ஃபீஸ் கட்டும்போதே எல்லாப் பிள்ளைகளும் அறியச் சொல்லிவைத்த பேச்சாக இருக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், தமிழ்நாட்டில் கடந்த நாற்பது ஆண்டுகளில் படிப்புச் செலவின் இயல்பே மாறிவிட்டது. 1976இல் கேரி பெக்கரும் நைஜல் டோம்ஸும் எழுதிய பொருளியல் கட்டுரை ஒன்று குடும்பங்களின் நடத்தையை இப்படி விளக்கியது: பெற்றோர் திறமையுள்ள பிள்ளையின் படிப்பில் அதிகம் போடுவார்கள், அங்கேதான் பலன் அதிகம், திறமை குறைந்த பிள்ளைக்குப் பணமாகவும் சொத்தாகவும் கொடுத்து ஈடு செய்வார்கள், கடைசியில் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த நாளிலிருந்து நம் ஊரில் நடப்பது இதற்குத் தலைகீழ். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இடம் வாங்கிவிடும். அதற்கு ஆண்டுக்குச் சில ஆயிரங்கள் போதும். கட்-ஆஃப் குறைந்த பிள்ளைக்குத்தான் மேனேஜ்மென்ட் கோட்டா. மருத்துவப் படிப்பில் இந்த இடைவெளி பயங்கரமானது: நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. 2017க்குப் பிறகு நீட் பயிற்சி, ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடி எழுதுவது, விடுதிச் செலவு எல்லாம் இதற்கு முன்னாலேயே வந்து நிற்கின்றன. ஆக, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை. மதிப்பெண்ணில் விழுந்த பள்ளத்தை நிரப்பப் போகிறது. மூத்தவள் நன்றாகப் படித்து அப்பாவுக்குச் செலவே வைக்கவில்லை. இளையவன் சுமாராகப் படித்து இரண்டு ஏக்கரை விற்க வைத்தான். பிரிவினை நாளில் இருவருக்கும் சம பங்கு என்றால், நன்றாகப் படித்ததற்கு மூத்தவள் அபராதம் கட்டுகிறாள் என்றுதான் பொருள்.

இந்தச் செலவை யாரும் சரிபார்க்கவும் முடியாது. நன்கொடை வசூலைத் தடைசெய்து தமிழ்நாடு 1992இலேயே சட்டம் போட்டுவிட்டது. அதனாலேயே அந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது. மஞ்சள் பையில் போன பணம் எவ்வளவு என்பது அப்பாவுக்கும், கூடப் போன மாமாவுக்கும், வாங்கியவருக்கும் மட்டும் தெரியும். வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தொகை சொல்லப்படும், சம்பந்தி வீட்டில் வேறு தொகை. வங்கிக் கடன் என்றால் காகிதமாவது இருக்கும். அதிலும் ஒரு சிக்கல். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி சொத்து அடமானம் கேட்கிறது, வீட்டுப் பத்திரம் போய் உட்காருகிறது. வீடு அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால் அவர் கையெழுத்து போதும். மற்றப் பிள்ளைகளைக் கேட்க வேண்டியதே இல்லை. சட்டப்படி அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஒருவன் படிப்புக்காக மூவரின் கூரை பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மற்ற இருவரும் கடன் தவணை தவறி நோட்டீஸ் வரும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

குடும்பங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அரசே உடன்பிறப்புகளை வரிசையில் நிற்க வைக்கிறது. 2010இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றிய திட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மூத்தவர் ஏற்கெனவே பட்டதாரி என்றால் இளையவருக்குத் தகுதி போய்விடும். மூத்தவர் கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் பி.ஏ. முடித்திருந்தாலும் கதை அதுதான். குடும்பத்தை ஓர் அலகாகப் பார்த்துச் செய்த உதவி, அந்த அலகுக்குள்ளே இருக்கும் வரிசையைப் பார்க்கவில்லை. வருமான வரியில் வேறு கதை. கல்விக் கடன் வட்டிக்கு 80ஈ பிரிவு தந்த கழிவு தனக்கும் கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். தங்கையின் படிப்புக்காகக் கடன் வாங்கி வட்டி கட்டும் அண்ணனுக்கு அதில் இடமில்லை, அவர் சட்டப்படியான காப்பாளராக இருந்தாலொழிய. தங்கையைப் படிக்க வைப்பது அண்ணனின் கடமை என்று ஊர் சொல்லும், அது உன் குடும்பச் செலவு அல்ல என்று வரிச் சட்டம் சொல்லும். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக யோசித்தது: மாதம் 1,000 ரூபாய், ஒரே வீட்டில் தகுதியுள்ள பெண்கள் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும். தொகை சிறியது, வழி சரியானது.

அந்தத் திட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவியாகத் தொடங்கியது அது. பெண் இவ்வளவு படித்திருந்தால் கல்யாணத்துக்கு இவ்வளவு என்றிருந்ததை, 2022இல் கல்யாணத்தை விட்டுவிட்டு நேராகப் படிப்புக்கே என்று மாற்றினார்கள். வீடுகளில் அந்த மாற்றம் இன்னும் நடக்கவில்லை. அண்ணனுக்குப் படிப்பு, தங்கைக்கு நகை, இரண்டும் சரிக்குச் சரி என்பது நம் குடும்பங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. இதைச் சரிக்குச் சரி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படிப்பு படித்தவன் உடம்போடு இருக்கிறது. நகை புகுந்த வீட்டுக்குப் போய் முதல் நெருக்கடியிலேயே அடகுக் கடை ஏறிவிடுகிறது. படிப்பை வைத்து அவன் இன்னொன்றைச் சம்பாதிப்பான், வரதட்சணையும் அதில் சேர்த்தி. நகையை வைத்து அவள் என்ன சம்பாதிப்பாள்? போதாக்குறைக்கு, பெண்ணைப் படிக்க வைத்த வீடுகளில்கூட படிப்பும் செலவு, நகையும் செலவு என்று இரண்டையும் அவள் பெயரில் எழுதி, சொத்து என்று வரும்போது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே தந்துவிட்டது, நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. அந்த உரிமையை எத்தனை தங்கைகள் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அங்கே ஒருநாள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அண்ணன் படிப்புக்கு ஆன செலவை மட்டும் அந்தப் பத்திரங்கள் எதிலும் காண முடியாது. பங்கீட்டின் சாய்வு பள்ளிக்கூடத்தில் தொடங்குவதும் இல்லை. இந்தியக் குழந்தைகளின் உயரக் குறைவை ஆராய்ந்து சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் குறைவு இரண்டாவது பிள்ளையில் தொடங்கி அடுத்தடுத்த பிள்ளைகளில் கூடுகிறது என்றும் மூத்த மகன் மேல் பெற்றோருக்குள்ள சாய்வு அதற்கு ஒரு காரணம் என்றும் காட்டியது. சோற்றுத் தட்டில் தொடங்கியது ஃபீஸ் ரசீதில் தொடர்கிறது, அவ்வளவுதான்.

பிற சட்டங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் நம் மௌனம் இயற்கை விதி அல்ல என்பது புரியும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு இதைப் பேசுகிறது, ஆனால் கைவிடவே பேசுகிறது: தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அவர் உயிரோடு இருக்கையில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்குக் கொடுத்த எதையும் பங்கில் கழிக்கக் கூடாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிரெஞ்சு சிவில் சட்டம், புதுச்சேரியில் அதைத் தமதாக்கிக்கொண்ட குடும்பங்கள் உண்டு, பெற்றோர் உயிரோடு கொடுத்ததைப் பங்கில் சேர்த்துக் கணக்கிடச் சொல்லும். ஆனால் சோறு, துணி, படிப்பு, தொழிற்பயிற்சி, கல்யாணச் செலவு இவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஜெர்மானிய சிவில் சட்டத்தின் 2050ஆம் பிரிவுதான் எனக்குப் பிடித்தது. ஒரு தொழிலுக்காகப் பிள்ளையைப் படிக்க வைத்த செலவு பெற்றோரின் வசதிக்கு உட்பட்டதாக இருந்தால் கணக்கில் வராது. வசதியை மீறிய பகுதி மட்டும் வரும். 19ஆம் நூற்றாண்டில் நம் நீதிமன்றங்கள் சாதாரணப் படிப்பு, சிறப்புப் படிப்பு என்று பாடத்தின் பெயரை வைத்துக் கோடு கிழிக்கப் பார்த்து முடியாமல் விட்டன. கோடு பாடத்தில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது. மாதச் சம்பளத்தில் கட்ட முடிந்த ஃபீஸ் பெற்றோரின் கடமை. நிலத்தை விற்று, பத்திரத்தை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ் எல்லாப் பிள்ளைகளின் பணம்.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று வலுவானது. 17 வயதில் அப்பா முடிவெடுத்துக் கட்டிய பணத்துக்குப் பிள்ளை எப்படிப் பொறுப்பாவான்? அவன் கேட்டானா? பல வீடுகளில் அவன் கேட்கவே இல்லை. தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டவனைத்தான் இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கலில் சேர்த்தார்கள். இதனால்தான் அவன் சம்பளத்தைத் தொடக்கூடாது என்கிறேன். சொத்தில் குறைவாக வாங்குவது கடனைத் திருப்புவது ஆகாது. ஏற்கெனவே கைக்கு வந்ததை இரண்டாம் முறை வாங்காமல் இருப்பது. ஆனாலும் நிலத்தை விற்றுப் படித்து, வளாக நேர்காணலில் ஒன்றும் கிடைக்காமல், 30 வயதில் ஊருக்கே திரும்பி வந்துவிட்ட பொறியாளர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவனுக்குப் போய் உன் பங்கை அப்போதே வாங்கிவிட்டாய் என்று சொல்வது கொடுமை. இங்கே என் கணக்கு இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சூதாட்டத்தை ஆடியவர் அப்பா, தோற்றவன் பிள்ளை. அப்படிப்பட்ட வீட்டில் செலவைவிடத் தேவைதான் முன்னால் நிற்க வேண்டும். அதையும் மற்றப் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

கணக்குப் பார்த்தால் பாசம் போய்விடும் என்ற மறுப்பைத்தான் அடிக்கடி கேட்கிறோம். மொய் நோட்டு வைத்திருக்கும் சமூகம் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் எழுதிய 501 ரூபாயை இருபது ஆண்டு கழித்து நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஒரு தொகை கூட்டித் திருப்பிச் செய்கிறவர்கள் நாம். அதனால் உறவு முறிந்ததாகச் சொல்ல மாட்டோம், அதனால்தான் நிலைத்தது என்போம். படிப்புக் கணக்கையும் யாரும் பார்க்காமல் இல்லை. அண்ணி பார்க்கிறாள், மச்சான் பார்க்கிறார், காதுகுத்து வீட்டுப் பந்தியில் அது முணுமுணுப்பாக வருகிறது, அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரம் உரக்க வருகிறது. அதற்குள் தொகை ஊதிப் பெருத்திருக்கும்: அன்று விற்ற நிலத்தின் இன்றைய சந்தை விலையைச் சொல்லிச் சண்டை போடுவார்கள். விற்ற நிலத்தின் இன்றைய விலை யாருக்கும் சொந்தமில்லாத பணம். அன்று கட்டிய தொகை, அதன் இன்றைய மதிப்பு, இவ்வளவுதான் பேச வேண்டியது. எழுதிவைத்த தொகைக்கு இந்த ஊதல் வராது. படித்த பிள்ளைதான் கடைசிக் காலத்தில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போகிறது, ஆகையால் கழித்துக்கொள்ளலாம் என்பார்கள். பார்த்துக்கொண்டால் அதையும் எழுதுங்கள். பணம் அனுப்பியவனையும் எழுதுங்கள், ஆஸ்பத்திரியில் இரவு தங்கி படுக்கை மாற்றியவளையும் எழுதுங்கள். இரண்டாவது வரிதான் நம் வீடுகளில் எப்போதும் விட்டுப்போகிறது.

இன்னொரு கடன் பெற்றோர் கணக்கில் வராதது. தம்பி தங்கைகளுக்காகப் படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போன அக்கா, வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஃபீஸ் அனுப்பிய அண்ணன். பெற்றோருக்குக் கடமை உண்டு. உடன்பிறந்தவருக்குச் சட்டத்தில் அப்படி ஒரு கடமையும் இல்லை. அவர்கள் கொடுத்தது வேறு எவரிடமோ வாங்கியிருந்தால் வட்டியோடு திருப்ப வேண்டிய பணம். இதற்கு நாம் தியாகம் என்று பெயர் சூட்டி, அதோடு கணக்கை முடித்துவிட்டோம். 1974இல் கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ குடும்பத்தைத் தோளில் சுமக்கும் அக்காவைத் திரையில் நிறுத்தியது. கைக்குட்டை நனையப் பார்த்துவிட்டு வந்த வீடுகளில் எத்தனை அக்காக்களுக்குப் பணம் திரும்பியது? புகழ்ச்சி மலிவான பட்டுவாடா. இங்கே மட்டும் சம்பளத்தைத் தொடலாம் என்கிறேன், தொடத்தான் வேண்டும். வேலை கிடைத்த தம்பி அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது தீபாவளிப் புடவை அல்ல; அவள் விட்ட படிப்பைத் தொடர முடிந்தால் அதற்கான ஃபீஸ், முடியாதென்றால் அவள் பெயரில் ஒரு வைப்புத்தொகை, அல்லது பூர்வீக வீட்டில் தன் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்.

1930ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். வாரிசுரிமைச் சட்டங்களில் ஜெர்மானியச் சட்டத்தைப் போன்ற ஒரு பிரிவு சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. சுயசம்பாத்தியச் சொத்தை எப்படிப் பிரிப்பது என்பது பெற்றோரின் கையில் இருக்கிறது. உயில் எழுத முத்திரைத்தாள்கூடத் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் போதும். இரண்டாவது பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி உட்கார வைத்து, யாருக்கு எவ்வளவு ஆயிற்று, எங்கிருந்து வந்தது, இதனால் யாருக்கு எது என்று சொல்லிவிடுங்கள். சொன்னதை ஒரு நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.